அப்படி ஒருத்தரும் இங்க இல்லை

மணி அடிக்கிறது. கைபேசியின் கிணுகிணுப்பு இல்லை. பழைய கறுப்பு ரெலிபோனின் மணி, இரும்புத் தொண்டையோடு இரண்டிரண்டாக இருமுகிற அந்த மணி. தீவிலிருந்து தீவுக்குப் போகிற இந்தத் தோணியில் அப்படியொரு போன் இருக்க வழியில்லை. எதிரே இருக்கிற பெண் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள். ஆசைக்குப் பழைய சத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் போல.

ஒருமுறை அடித்தது. இனி நிற்கவேண்டும். நின்று, ஒரு மூச்சு விட்டு, திரும்ப அடிக்கவேண்டும். அது நிற்கவில்லை, அடித்துக்கொண்டே போகிறது. தெரியாத ஆள். எடுத்தாலும் பேரை ஒத்துக்கொள்ளாதே, பிள்ளை, ஒத்துக்கொள்ளாதே.

அவள் எடுத்தாள். சலாம் சொன்னாள். சிரித்தாள். ஒரு ஜீப்பும் வரவில்லை. வரவும் வழியில்லை, நாலு பக்கமும் கடல்.

நான் மாலைதீவில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். தலை பாதி நரைத்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தால் மூன்றாவது மழைக்கு முன் பெட்டி கட்டிவிடுகிற கால் எனக்கு. எத்தனை தீவு மாறினாலும் ஒரு மணிச்சத்தம் போதும். கடலைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கிழக்கே கொழும்பில், வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு வீட்டு ஹோலில் என்னைக் கொண்டுபோய் இருத்திவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் வடக்கில் நடந்தது என்று பேப்பர்கள் எழுதின. வெள்ளவத்தையில் அது செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தது. காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் அன்ரியின் வீடு. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில், அவ தனிய. மேல்மாடி அறையை எங்களைப்போல் வடக்கிலிருந்து வந்த பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தா. கீழே ஹோலில், மரப்பெட்டிக்குள் ரெலிபோன். பெட்டிக்குப் பூட்டு. இங்கிருந்து வெளியே அழைக்க முடியாது; உள்ளே வருகிற அழைப்பை மட்டும், பெட்டியின் ஓட்டைக்குள்ளால் ரிசீவரைத் தூக்கிக் கேட்கலாம்.

அந்த வீட்டில் கால் வைத்த முதல் நாள், எங்கே குளிப்பது என்பதைச் சொல்லமுதல் அன்ரி எனக்குப் போனைப் பற்றித்தான் சொன்னா.

"எங்கட ஆக்கள் எண்டா ஒருக்கா அடிச்சு நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப அடிப்பினம். அது எடு. சும்மா அடிச்சுக்கொண்டே நிண்டா, அதுவும் எடு. எடுக்காட்டி வீட்டில ஆளில்லை எண்டு வந்து நிப்பாங்கள். ஆனா ஆர்ர பேரைக் கேட்டாலும், என்ன பாசையில கேட்டாலும், என்ன சொல்லவேணும்?"

"என்ன அன்ரி?"

"அப்படி ஒருத்தரும் இங்க இல்லை. எங்க, சொல்லு பாப்பம்."

சொன்னேன். சிங்களத்தில் சொல்லச் சொன்னா. பிறகு ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடமாக்குவதுபோல் மூன்று பாசையிலும் ஒப்புவித்த பிறகுதான் அறைக் கதவின் திறப்பைத் தந்தா.

காரணம் இருந்தது. எனக்கு முதல் அந்த அறையில் இருந்த ஒரு பிள்ளையின் முழுப்பெயரையும் சொல்லி ஒரு குரல் மரியாதையாகக் கேட்டதாம். ஓம், இருக்கிறா, கூப்பிடவோ என்று அன்ரியும் மரியாதையாகச் சொன்னாவாம். வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். உலையில் அரிசி அவியமுதல் வாசலில் ஜீப். அந்தப் பிள்ளை பல மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். ஆனால் அதன்பிறகு போன் அடித்தால் காதைப் பொத்துவாளாம். அன்ரி அதைச் சொல்லுகிறபோது பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டா.

வடக்கிலிருந்து வவுனியாவில் பாஸ் எடுத்து வந்தவர்கள் கொழும்பில் சும்மா நிற்க முடியாது. பொலிசில் பதியவேண்டும். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு அவர்கள் ஏற்றுக்கொள்கிற பதில் ஒன்றுதான்: வெளிநாடு போகக் காத்திருக்கிறேன். என்னிடம் லண்டன் மாமா என்றொரு கதை இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அந்த மாமா மெலிந்துகொண்டு வந்தார். கடைசித் தடவை, பதிவு எழுதுகிறவர் பேனையை மூடிவிட்டு, அடுத்தமுறை வரும்போது போவதற்கு ஒரு அத்தாட்சியோடு வா, இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போ என்றார். வந்த வழியில் முகாம். முகாமுக்கு அப்பால் ஷெல் விழுகிற ஊர். ஊரில் பத்து வருசம் ஆங்கிலம் படிப்பித்த என் வாயைத் தவிர வேறொன்றும் என்னிடம் இல்லை. அதை வைத்து எங்கேயாவது ஒரு வேலை பிடித்தால் தப்பினேன்.

ஆனால் வேலை தேடுகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது. அது எழுதாத சட்டம். பிளேன் ஏறினாப் பிறகுதான் சொல்லுறது. கண்ணூறு நாவூறு ஒன்று, காட்டிக்கொடுப்பு இன்னொன்று, நீ போகிற ஓட்டையால் மற்றவன் முந்திக்கொண்டு போய்விடுவான் என்பது மூன்றாவது, அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி பொன்னாங்காணி வாங்க மாக்கெற்றுக்கு என்று பையோடு இறங்கிப் போனாள். அடுத்த நாள் பிராங்பேர்ட்டிலிருந்து போன் எடுத்தாள். கோபிக்க ஒருவரும் இல்லை. "கெட்டிக்காரி," என்றா அன்ரி. "என்னட்டயும் ரெண்டு பிடி வாங்கச் சொல்லிக் காசு கொண்டுபோனவள்."

என் அறையில் மற்றக் கட்டிலில் இருந்தவளும் ரீச்சர். அவளும் ஆங்கிலம். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, கண்ணாடி, ஒட்ட வாரி இழுத்த தலை. கனடா அண்ணா ஸ்பொன்சர் செய்கிறார் என்று அவள் சொன்னாள். லண்டன் மாமா என்று நான் சொன்னேன். வெள்ளவத்தையில் எல்லோருக்கும் ஒரு அண்ணனோ மாமாவோ இருந்தார். அரைவாசிப் பேர் காற்றில் செய்த ஆட்கள். அவளுடைய அண்ணனும் காற்றுத்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு நாளும் அவர் போன் எடுக்கவில்லை. அவளும் என் மாமாவை நினைத்து அதையே நினைத்திருப்பாள். இரண்டு பேரும் அடுத்தவரின் பொய்யை மிதிக்காமல், ஈரச்சீலை காய்கிற கொடிக்குக் கீழால் குனிந்து போவதுபோல், குனிந்து குனிந்து போய்வந்தோம்.

கொட்டாஞ்சேனையில் ஒருவர் மாலைதீவுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் பிடித்துக் கொடுக்கிறார் என்று ஊர்ப்பழக்கமான ஒருத்தர் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். போவதற்கு ஒரு சாட்டு வேண்டுமே. பக்கத்திலேயே கொச்சிக்கடைக் கோயில் இருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் சைவக்காரரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிற நாள். ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சென்றியில் நிற்கிற ஆமிக்காரன்கூடக் கேட்கமாட்டான். "கொஹேத யன்னே, நங்கி?" என்றால், எங்கே போகிறாய் என்றால், "பல்லியட்ட", கோயிலுக்கு, என்றால் போதும். ஒருத்தன் தனக்கும் ஒரு திரி கொளுத்தச் சொன்னான். சரி என்றேன். நான் கோயில் பக்கமே போகவில்லை.

துறைமுகத்துக்குச் சாமான் விற்கிற ஒரு கடைக்கு மேலே அந்த அறை. கயிற்று மணமும் தார் மணமும் படியேறிக் கூடவே வந்தன. பெயர்ப்பலகை இல்லை. மேசையில் இரண்டு ரெலிபோன். ஒன்றுக்கு வயர் இல்லை. திருஇருதயப் படத்துக்குக் கீழே சிவப்புப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. ஏஜென்சிக்காரர் முன்பு கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருந்த கத்தோலிக்கர். வெள்ளைச் சேர்ட், மொடமொடவென்று கஞ்சி.

"வாங்க மகள், இருங்க. சல்லி ஒண்ணும் தேவையில்ல. ஸ்கூல் எனக்குத் தரும்."

அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. காசு கேட்கிற ஏஜென்ட் கள்ளன் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்காதவன் அதைவிடப் பெரிய என்னவோவாக இருக்கவேண்டும். வயர் இல்லாத போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்தார்.

"அது பழுது மகள். வீசுறதுக்கு மனசில்ல."

மூன்று வெறும் கதிரைகளுக்கு முன்னால் என்னை நிறுத்திப் பாடம் நடத்தச் சொன்னார். தானே நாலாவது கதிரையில் இருந்து கையைத் தூக்கி, "ரீச்சர், எனக்கு வெளங்கல்ல," என்று குழந்தைக் குரலில் ஆங்கிலத்தில் குழப்படி செய்தார். நான் அதட்டினேன். அவருக்குச் சந்தோசம்.

"நல்லம். இனி ஹெட்மாஸ்டர் உங்க வீட்டுக்குப் போன் கோல் எடுப்பார். இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ. உங்க இங்கிலீஷ நேரா கேக்கணுமாம். அதுதான் இன்டர்வியூ."

நான் நம்பரைச் சொன்னேன். அவர் பேனையை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏனென்று அப்போது விளங்கவில்லை. பிறகு எழுதினார்.

"ஒரு சின்ன விசயம்," என்றேன். "அவரை ஒருக்கா அடிச்சுக் கட் பண்ணிப்போட்டுத் திரும்ப அடிக்கச் சொல்லேலுமே?"

கஞ்சிச் சேர்ட் பின்னுக்குச் சாய்ந்தது. குரல் இறங்கியது. "மகள். அது என்ன வீடு?"

"சாதாரண வீடுதான்."

"சாதாரண வீட்டுல ஏன் சிக்னல்? எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. நீங்க வேற ஏதும் ஆக்களோ?"

"ஐயோ, இல்லை அங்கிள்."

"ஹெட்மாஸ்டருக்கு நான் எப்படிச் சொல்றது? சார், ஒரு தரம் அடிச்சு வைங்கன்னா, அந்த மனுசன் என்ன நெனைக்கும்?"

நான் அவரைச் சந்தேகித்தபடி எழும்பினேன். அவர் என்னைச் சந்தேகித்தபடி படியிறங்க விட்டார். கீழே வரைக்கும் தார் மணம் கூட வந்தது.

அன்ரிக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு குரல் வரும், ஆங்கிலத்தில் கேட்கும், அது மட்டும் எனக்குத்தான் என்று. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அன்ரி சொன்னால் சமையலறைக்குக் கேட்கும், சமையலறைக்குக் கேட்டால் மாடிக்குக் கேட்கும். மாடியில் இன்னொரு ஆங்கில ரீச்சர் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். ஒரு வேலைக்கு ஒருத்தி போதும். நான் வாயை மூடிக்கொண்டு ஹோலில் குடியேறினேன்.

என்னுடைய சீலையை அயன் பண்ணினேன். அன்ரியின் சீலையை அயன் பண்ணினேன். மேசை விரிப்பை, தலையணை உறையை, துடைக்கிற துணியைக்கூட. பழைய பேப்பரில் மரண அறிவித்தல்களை மனப்பாடம் செய்தேன். கடலோர ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி நடுங்கும். அந்த நடுக்கத்துக்குள் மணிச்சத்தம் ஒளிந்திருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவளும் தைக்கிற துணியோடு கீழே இறங்கி வந்து, பெட்டிக்கு மற்றப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன, இஞ்ச காத்து நல்லா வருதோ?" என்றாள்.

"ஓம். உமக்கும் மேல வேர்க்குதோ?"

"ஓம்."

பெட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாய்ச் சிலை மாதிரி இருந்தோம். அன்ரி அகப்பையோடு வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே மாப்பிள்ளையோ எடுக்கப் போறான்?" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் முந்தி நின்றது.

அன்றிலிருந்து நான் அவளைப் படிக்கத் தொடங்கினேன். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவள் ஆங்கிலத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி இல்லாத பதில்கள். செவ்வாய்க்கிழமைகளில் அவளும் மெழுகுதிரிப் பையோடு கொச்சிக்கடைக்குப் போய்வந்தாள். ஒரு செவ்வாய் அவள் வந்து கட்டிலில் பையை வைத்தபோது நான் மோந்து பார்த்தேன். கோயிலில் நின்றுவிட்டு வந்தவர்களின் உடுப்பில் மெழுகு உருகின மணமும் மல்லிகை மணமும் ஏறியிருக்கும். அவளுடையதில் வேறொன்று. தார் என்று எனக்குப் பட்டது. துறைமுகப் பக்கம் முழுக்கத் தார்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

பாண் முடிந்த நாள் அது. "பேக்கரிக்கு ஓடிப்போய் ஒரு றாத்தல் வாங்கிக்கொண்டு வா, பிள்ளை," என்றா அன்ரி. அவளைப் போகச் சொல்லுங்கோ என்றால் ஏன் என்று கேள்வி வரும். போனேன். திரும்பி வரும்போது காலி வீதி முனையில் புதிதாக ஒரு சென்றி முளைத்திருந்தது. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கிடந்ததால் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அன்றைக்குச் செவ்வாய் இல்லை. அந்தோனியாரின் பெயர் செல்லவில்லை. பாணின் சூடு கையில் ஆறுகிறவரை நின்றேன். யாரோ பெரியவன் வந்து என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

கேற்றைத் திறக்கவே அன்ரியின் குரல்.

"பிள்ளை, தப்பினாய்! ஒரு ஆம்பிளைக் குரல். சும்மா அடிச்சுக்கொண்டே நிண்டது. உன்ர முழுப்பேரையும் சொல்லி, இங்கிலீசில கேட்டது. இவள் கெட்டிக்காரியெல்லே! பதறாமல் இங்கிலீசிலயே, அப்படி ஒருத்தரும் இங்க இல்லை எண்டு சொல்லி வைச்சிட்டாள்."

அவள் படியில் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை, யன்னல் வெளிச்சம்தான் தெரிந்தது.

"பயப்பிடாதேயும்," என்றாள். "நல்லா வடிவாச் சொல்லிப்போட்டன். திரும்ப எடுக்கமாட்டாங்கள்."

திரும்ப எடுக்கமாட்டாங்கள். அயன் பண்ணின அத்தனை துணியும், ஒப்புவித்த அத்தனை பதிலும், தீவு, கடல், பிளேன் எல்லாம் ஒரு ஓட்டைக்குள்ளால் போய்விட்டன. நான் என்ன செய்ய? கத்தினால் எல்லாம் வெளியே வரும். கையில் ஆறிப்போன பாண். இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

"பெரிய உபகாரம்," என்றேன். "தாங்ஸ்."

"இதுக்கென்ன," என்றாள் அவள்.

செவ்வாய் வரைக்கும் அவளோடு ஒரே அறையில் படுத்து எழும்பினேன். உயிரைக் காப்பாற்றினவளா, வேலையைப் பறித்தவளா? அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தபோது, ஏன் இன்றைக்கு ஊற்றுகிறாள் என்று யோசித்தேன். ஊற்றாதபோது ஏன் ஊற்றவில்லை என்று யோசித்தேன். சந்தேகம் ஒரு வாடகைக்காரி. ஒரு மூலை கேட்டு வருவாள். பிறகு வீடு முழுக்க அவளுடைய சட்டி பானைதான்.

செவ்வாய் விடிய அவள் முதலில் போய்விட்டாள், கோயிலுக்கு என்று. நான் அடுத்த பஸ்ஸில், கோயிலுக்கு என்று. கடைக்கு மேலே படியேறினால், ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் அவள். மடியில் மெழுகுதிரிப் பை. என் கையிலும் மெழுகுதிரிப் பை. இரண்டும் ஒரே கடையில் வாங்கினது.

"நீரும் அந்தோனியாரிட்டயோ?" என்றாள்.

நான் பதில் சொல்லமுதல் ஏஜென்சிக்காரர் உள்ளேயிருந்து வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பாடா. ரெண்டு பேரும் வேற வேற ஆக்கள்தான். எனக்குப் பைத்தியம் புடிக்கப் பாத்திச்சு. ஒரே நம்பர். ரெண்டு பேரு. ஹெட்மாஸ்டர் ஒருத்தருக்கு எடுத்தா இல்லையாம். மற்றவருக்கு எடுத்தா அவங்களும் இல்லையாம். அது வீடா, பேய் பங்களாவா, மகள்?"

நான் அவளைப் பார்த்தேன். "உமக்குமோ?"

"ஓம். உமக்கு முதலே, நீர் ஹோலில வந்து இருக்கமுதல். அன்ரிதான் எடுத்தவ. பின்னேரம் எனக்குப் பெருமையாச் சொன்னா, உன்னை ஆரோ தேடினாங்கள், நான் இல்லையெண்டிட்டன் எண்டு. நானும் தாங்ஸ் எண்டனான்."

"அப்ப எனக்கு வந்தது ஆரெண்டு உமக்குத் தெரியும்."

"எனக்கென்னெண்டு தெரியும்? சிஐடி எண்டு நினைச்சன்."

"சிஐடி இங்கிலீசிலயோ எடுப்பான்?"

"பெரிய ஆக்கள் எடுப்பாங்கள்."

ஏஜென்சிக்காரர் கையை உயர்த்தினார். "சண்டைய வீட்டுல போய் புடிங்க. இன்னும் கொஞ்சத்துல கோல் வரும். இங்கேயே பேசுங்க. வேல ஒண்ணுதான். யாரு முதல்ல?"

"அவ போகட்டும்," என்றாள் அவள்.

எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஏன் என்னை முந்த விடுகிறாள்? முதலில் போகிறவளை மறந்துவிடுவார்கள் என்றா? ஆனால் மணி அடித்துவிட்டது. வயர் இருக்கிற போன்தான். நான் பலகை மறைப்புக்கு உள்ளே போனேன்.

குரல் தூரத்திலிருந்து, தன் எதிரொலியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. மெதுவான, வயதான, மரியாதையான ஆங்கிலம். அவர் கேட்டார்: எங்கள் தீவில் ஆறு இல்லை. பாடப்புத்தகத்தில் ஆறு வருகிறது. ஆற்றைக் காணாத பிள்ளைக்கு ஆற்றை எப்படிப் படிப்பிப்பீர்கள்?

நானும் குளியலறையில் ஒப்புவித்திருந்த பதில் ஒன்றும் அதற்குப் பொருந்தாது. "எங்கள் ஊரிலும் ஆறு இல்லை, சார்," என்றேன். "நானும் புத்தகத்தில்தான் கண்டேன். மழை பெய்து முடிந்ததும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், மணலில் தண்ணீர் வழி தேடி ஓடுகிற கோட்டைக் காட்டுவேன். இது நீளமாக, நிற்காமல் ஓடினால் ஆறு என்பேன். எனக்கு அப்படித்தான் விளங்கியது."

சிரிப்பு வந்தது, அதன் எதிரொலியும் வந்தது. நல்லது, என்றார். பிறகு கேட்டார், உங்கள் வீட்டில் ஏன் உங்களை இல்லை என்றார்கள்?

உண்மையைச் சொன்னேன். யார் எடுத்தாலும் அப்படித்தான் சொல்வோம், சார். இங்கே யுத்தம்.

"விளங்குகிறது," என்றார். "ஆனால் அன்றைக்கு என்னிடம் இல்லை என்று சொன்ன பெண்... அவ்வளவு தெளிவான, அவ்வளவு பணிவான ஆங்கிலத்தை நான் கேட்டு நாளாயிற்று. மூத்த வகுப்புக்கு அப்படி ஒருவரைத்தான் தேடுகிறேன். அவர் யார்? அவரும் ஆசிரியையா?"

தூர அழைப்புகளில் ஒரு தாமதம் உண்டு. நாம் சொல்வது கடலைக் கடந்து போய்ச் சேர ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சுக்குள் நான் எவ்வளவோ யோசித்தேன். மூன்று பாசையில் பாடமாக்கின வசனம் நாக்கில் தயாராக நின்றது. பலகை மறைப்புக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவளுடைய செருப்புத் தெரிந்தது, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கதவோரத்தில் ஏஜென்சிக்காரர் என் வாயையே பார்க்கிறார். பொய் சொன்னால் இரண்டு சாட்சி. நல்ல மனதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பயத்தில்தான் சொன்னேன்.

"ஓம் சார். ஆசிரியைதான். இங்கே, வெளியே வாங்கில் இருக்கிறா."

அவள் உள்ளே போனாள். நான் வாங்கில் அவளுடைய மெழுகுதிரிப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பலகைக்குள்ளால் வந்த ஆங்கிலம் தெளிந்த தண்ணீர். எனக்கு ஆறு விளங்கியது.

வேலை அவளுக்குத்தான். எனக்கு அடுத்த தவணை ஒரு இடம் வரலாம் என்று ஹெட்மாஸ்டர் சொன்னாராம்; அங்கே போனதும் அவளே கேட்டுச் சொல்லட்டும் என்றாராம். என் வாழ்க்கை அப்போது அவளுடைய வாய்க்குள் போய் இருந்தது. இறங்கி வரும் வழியில், இரண்டு பேரும் கொச்சிக்கடைக் கோயிலுக்குள் போனோம். முதல்முறையாக. கையிலிருந்த எல்லாத் திரியையும் கொளுத்தினோம். அந்த ஆமிக்காரனுக்கும் ஒன்று வைத்தேன்.

அன்ரிக்குச் சொல்லவில்லை. பிளேன் ஏறினாப் பிறகுதானே. அவளுடைய சூட்கேசை, சலவைக்குக் கொடுக்கிற பழைய திரைச்சீலைகள் என்று சொல்லி, நான்தான் ஒழுங்கையால் தூக்கிக்கொண்டு போய், ஏஜென்சிக்காரர் அனுப்பின வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். போகிற நாள் காலை அவள் வெறும் கைப்பையோடு, "அன்ரி, கொச்சிக்கடைக்குப் போட்டு வாறன்," என்று சொன்னபோது அன்ரி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "எனக்கும் ஒரு திரி கொளுத்து, பிள்ளை," என்றா. கொஞ்சம் பொறுத்து, "கவனமாப் போ," என்றா. கொச்சிக்கடைக்குப் போகிறவர்களுக்கு அன்ரி கவனமாகப் போகச் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை.

காலி வீதி பஸ் தரிப்பில் நின்றோம். வெயில். கடல்காற்றில் டீசல் மணம். போனவர்கள் திரும்ப எடுப்பதில்லை என்பது வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்த உண்மை. பிராங்பேர்ட்காரிகூட அந்த ஒரு தடவையோடு சரி. என் பதிவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் எடுப்பாளா? ஹெட்மாஸ்டரிடம் என் பெயரைச் சொல்வாளா? இல்லை, அங்கேயும் போய் அந்த வசனத்தைத்தான் சொல்வாளா? பஸ் தூரத்தில் தெரிந்தது. இனிக் கேட்காவிட்டால் ஒரு நாளும் இல்லை.

"உண்மையைச் சொல்லும்," என்றேன். "அண்டைக்குப் போனில, தெரிஞ்சுதானே சொன்னனீர்?"

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகத்தை வெளிச்சத்தில் நான் பார்த்தது அப்போதுதான். களைத்த, சாதாரண முகம். அதில் ஓம் என்றும் எழுதியிருக்கவில்லை, இல்லை என்றும் எழுதியிருக்கவில்லை. கொண்டக்டர் கோட்டை, கோட்டை என்று கத்தினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிதிபலகையில் ஏறினாள். கம்பியைப் பிடித்தபடி குனிந்தாள்.

"வடிவாக் கேளும். ஒருக்கா அடிச்சு நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப அடிப்பன். நீர் எடுத்து, அப்படி ஒருத்தரும் இங்க இல்லை எண்டு சொல்லிப்போடாதேயும்."